மொட்டைத் திரை

பாளையங்கோட்டையில் அந்த வீட்டில் யாரும் யாரோடும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பார்வதியம்மாளுக்குக் காபி வேண்டுமென்றால் அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். மருமகள் பிருந்தா பால் பாத்திரத்தைப் பார்த்துப் பதில் சொல்வாள். இளைய மகன் மகேஷ் ஒருத்தன்தான் நேருக்கு நேர் பேசுகிறவன். அவனும் பேசாமல் இருந்தால் தேவலை என்று தோன்றும்படிப் பேசுவான்.

மூத்தவன் ஞானசம்பந்தன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகுதான் வீடு இப்படி ஆகிவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். அது சரியில்லை. அவன் இருக்கும்போதும் இப்படித்தான். நடுவில் உட்கார்ந்து எல்லார் பேச்சையும் அவன் வாங்கிக்கொண்டதால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவன் விட்டுப்போனது ஒரு ஹார்டு டிஸ்க். பிடி வைத்த தகரக்கூட்டுக்குள் அடங்கி, பார்க்க ஒரு சின்ன டிபன் டப்பா மாதிரி இருக்கும். கம்ப்யூட்டரின் முன்பக்கம் அதற்கென்று பொருத்திய இழுப்பறையில் தள்ளிச் சாவியைத் திருப்பினால் வேலை செய்யும். வேலை முடிந்தால் உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. டவுணில் தில்லைநாயகம் பிள்ளை செயலாளராக இருந்த அறக்கட்டளைக்கு முக்கூடல், கல்லிடைக்குறிச்சி, ஸ்ரீவைகுண்டம் என்று ஆற்றங்கரையோடு மூன்று பள்ளிக்கூடங்கள். சென்னையில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர்கள் பள்ளிக்கு ஒன்றாக வந்து சேர்ந்தன. வந்த வேகத்தில், ஏறி இறங்கும் கரண்டில் உள்ளே இருந்த டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. மூன்று பள்ளியிலும் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த ஞானசம்பந்தன் யோசித்தான். மிஷினுக்குள் எதுவும் இருக்க வேண்டாம், எல்லாம் வாத்தியார் பையில் இருக்கட்டும். எந்த ஊரில் செருகினாலும் அதே திரை, அதே பாடம். விண்டோஸ் இதற்கு ஒத்துவரவில்லை. மிஷின் மாறினால் அது முகத்தைத் தூக்கிக்கொண்டது. அதனால் லினக்ஸ்.

அதுவரைக்கும் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ஒரே பேச்சு. அதற்கு மேல் டெஸ்க்டாப் எது என்பதில்தான் முட்டிக்கொண்டார்கள். லினக்ஸில் முதல் திரை, ஜன்னல், மெனு எல்லாவற்றையும் நாமே தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். கே.டி.இ. என்று புதிதாக ஒன்று வந்திருந்தது. கீழே பட்டை, பட்டையில் பொத்தான்கள், வழவழவென்று கல்யாண வீட்டு முகப்பு மாதிரி இருக்கும். பிருந்தாவுக்கு அதுதான் வேண்டும். ஞானசம்பந்தன் எஃப்.வி.டபிள்யூ.எம். என்றான். ஒரு சாம்பல் திரை. மவுஸை அமுக்கினால் ஒரு மெனு. வேறொன்றும் கிடையாது.

"பேரைச் சொல்லி முடிக்கவே ஒரு டம்ளர் தண்ணி வேணும். இதைப் பாத்துப் பிள்ளையள் ஓடிரும்" என்றாள் பிருந்தா.

"ஓடட்டும். மிஷின் ஓடணும்லா? அதுக்கு மொத்த மெமரியே எட்டு எம்.பி.தான்."

"உங்களுக்கு எதுலயும் அழகு கூடாது."

"ஆமா. கட்டினதைப் பாத்தாலே தெரியலையா?"

அதற்குப் பிறகு பல நாள் தட்டில் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. அந்தச் சண்டை தீருமுன்னால் அவன் கண் மஞ்சளாகிவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, சோதித்துப் பார்க்க அவன் முக்கூடலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பழைய மிஷினில் அவளே கே.டி.இ.யைப் போட்டுப் பார்த்தாள். பட்டை தெரிவதற்குள் கூட்டுக்குக் காய் நறுக்கி முடித்துவிட்டாள். மவுஸை நகர்த்தினால் அம்பு அடுத்த வீட்டிலிருந்து கிளம்பி வருவதுபோல வந்தது. அவன் சொன்னது சரி. அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை. கே.டி.இ.யை எடுத்துவிட்டு அவன் போட்டு வைத்த மாதிரியே திரும்பப் போட்டாள். மிஷினும் முக்கூடலுக்குத் திரும்பிப் போயிற்று.

இப்போது தில்லைநாயகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இந்த டிஸ்க் ஓடினால் மூன்று பள்ளிக்கும் பிருந்தாதான் கம்ப்யூட்டர் டீச்சர். முக்கூடல் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் அவள் தங்கிக்கொள்ளலாம். ஓடாவிட்டால் மகேஷ் தன் கம்ப்யூட்டர் கடையிலிருந்து புது மிஷின்களை இறக்குவான். பிருந்தா அம்பாசமுத்திரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அண்ணன் பெண்சாதி முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தாள்: "வரட்டும். எனக்கும் இடுப்பு வலிக்கு. அடுப்படிக்கு ஒரு ஆளு வேணும்."

டவுண் அலுவலகத்தில் முதலில் போட்டுக் காட்டினாள். சாம்பல் திரை வந்தது. தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னும் வரலையா?"

"வந்துட்டு அண்ணாச்சி. இதான்."

"இதுவா? என்னம்மா இது, ஒரு பொட்டு பூ இல்லாம, பாழ் நெத்தி மாதிரி?"

சொன்ன பிறகு எதிரே இருப்பவள் நெற்றியைப் பார்த்தார். ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை. பிருந்தா மவுஸை அமுக்கி மெனுவை இறக்கினாள்.

பக்கத்தில் நின்ற மகேஷ் இருமினான். "மதினிக்கு அப்படித்தான் அண்ணாச்சி பிடிக்கும். என் மிஷின்ல பாத்தீயல்லா, போட்டதும் எப்படி ஜொலிக்கு!"

"உங்க மிஷினை முக்கூடலுக்குப் பையில தூக்கிட்டுப் போக முடியுமா?" என்றாள் பிருந்தா.

"தூக்கிட்டு அலையணும்னு எங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"ஏலே, நிறுத்து" என்றார் தில்லைநாயகம். "இங்க பாரும்மா. ஓடுதோ ஓடலையோ அது பெறகு. முதல் தடவை திறக்கும்போது திரையில சாமி இருக்கணும். கடைக்கணக்கு எழுதினாலும் நம்ம ஆளுக சாமி பேரைப் போடாம ஆரம்பிச்சது உண்டா? வெள்ளிக்கிழமை முக்கூடல்ல வெச்சுப் பாப்போம். நெல்லையப்பரும் காந்திமதியும் திரை நிறைய வரணும். அங்கன இங்கன ஓரத்துல இல்ல."

"நானே போட்டுத் தாரேன் அண்ணாச்சி" என்றான் மகேஷ். "ஸ்கேனர் என்கிட்டதான இருக்கு."

அன்று சாயங்காலம் பார்வதியம்மாள் பூஜை அறைக் காலண்டரைக் கழற்றித் தானே மகேஷிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது விளக்கைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த வீட்டு மூத்த பிள்ளை செஞ்ச காரியத்துல இப்பவாது சாமி வரட்டும். முன்னமே வந்திருந்தா அவனும் இருந்திருப்பான்."

"டிஸ்க்குல சாமி இல்லாததுனால காமாலை வரும்னு எந்த டாக்டரும் சொல்லலை" என்றாள் பிருந்தா, சட்டுவத்திடம்.

"பாத்தியாடா பேச்சை!"

"மதினி, டிஸ்க்கைக் குடுங்க. காலையில தாரேன்" என்றான் மகேஷ்.

கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. அவனிடம்தான் ஸ்கேனர். காலையில் டிஸ்க் வந்தது. புருஷனும் அவளுமாகக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய வீட்டு முன்னறையில் இருந்த மிஷினில் செருகிப் பார்த்தாள். அது ஞானசம்பந்தன் கடைசியாக வாங்கிய பெரிய மிஷின். மெமரி தாராளம். திரை நிறைய ரிஷப வாகனத்தில் சுவாமியும் அம்பாளும் எழுந்தருளினார்கள். மாலையில் ஒவ்வொரு பூவும் தெரிந்தது. மெனு இறங்கியது, பாடங்கள் திறந்தன. நன்றாகத்தான் செய்திருக்கிறான் என்று அவளுக்கே தோன்றியது. எட்டு எம்.பி. மிஷினில் போட்டுப் பார்க்க வழியில்லை. அது முக்கூடலில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முக்கூடல் பஸ்ஸில் பிருந்தா டிஸ்க்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு இருக்கை முன்னால் மகேஷ். பேட்டை தாண்டியதும் திரும்பினான்.

"பைய ஓட்டச் சொல்லவா மதினி? குலுங்கி அண்ணன் ஆவி வெளிய வந்துரப் போவுது."

பக்கத்தில் பீடி இலைக் கட்டோடு இருந்தவர் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை முப்பிடாதி டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கறுத்து உயர்ந்த உருவம். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லவில்லை.

"நீங்கதான் மிஷினை ஓட்டப் போறீயளா?"

"ஆமா டீச்சர்."

"ஓடினா ஓட்டுங்க. ஓடலன்னா சட்டுனு சொல்லிருங்க. இந்தத் தம்பி போன வாரம் வந்து எங்க ஸ்டாஃப் ரூமை அளந்துட்டுப் போயிருக்கு. புது மிஷின் வந்தா ஏ.சி. போடணுமாம், ரூமைக் காலி பண்ணணுமாம். நாங்க எங்கன உக்காந்து சோறு திங்க? வேப்பமரத்து மூட்டுலயா?"

"டீச்சர், அது வளர்ச்சி" என்றான் மகேஷ்.

"உன் வளர்ச்சியை உன் வீட்டு மாடித் தட்டட்டியில வெச்சுக்கோ."

தில்லைநாயகம் காரில் வந்து இறங்கினார். மிஷினுக்கு ஏற்கெனவே சந்தனம் வைத்து, மானிட்டர் மேல் ஒரு முழம் பிச்சிப்பூ சுற்றியிருந்தார்கள். சூடம் காட்டினார்கள். ஜன்னல் கம்பிகளில் பிள்ளைகளின் முகங்கள் அடைந்திருந்தன. பிருந்தா டிஸ்க்கைத் தள்ளிச் சாவியைத் திருப்பினாள்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நின்றன. சாம்பல் வந்தது. டிஸ்க்கின் சிவப்பு விளக்கு எரிந்தது, அணையவில்லை. உள்ளேயிருந்து கரகரவென்று, கைக்குத்தல் அரிசியில் கல் பொறுக்குகிற முறத்தின் சத்தம். நெல்லையப்பரின் கிரீடம் மேலே ஒரு கோடாகத் தெரிந்தது. இன்னொரு கோடு. காளையின் கொம்பு வருவதற்குள் சூடம் அணைந்துவிட்டது. பிருந்தா மவுஸை நகர்த்தினாள். அம்பு நகரவில்லை. அமுக்கினாள். மெனு வரவில்லை.

"என்னம்மா, சாமி பாதிக்கு மேல இறங்க மாட்டேங்காரு?" என்றார் தில்லைநாயகம்.

"இருங்க அண்ணாச்சி."

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் மகேஷ். "இந்த ஒல்லிச் சரக்கெல்லாம் நமக்கு ஒத்து வராதுன்னு. அண்ணன் ஏதோ ஆசைக்கு வெச்சு விளையாடினது. அதைப் போயி பள்ளிக்கூடத்துக்கு…"

பிருந்தா திரும்பி அவனைப் பார்த்தாள். "படத்தை எந்த அளவுல எடுத்தீங்க?"

"சாமிக்கு அளவு பாக்க முடியுமா மதினி?"

அவன் கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. உதட்டுக்கு வராமல் அங்கேயே நின்றது. அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. இந்த மிஷினின் மெமரியில் அந்தப் படம் ஒன்றே கொள்ளாது. கொள்ளாததை எல்லாம் டிஸ்க்கில் இறக்கி, டிஸ்க்கிலிருந்து ஏற்றி, மறுபடி இறக்கி, மிஷின் மூச்சு முட்டுகிறது. மகேஷ் இது தெரியாதவன் இல்லை. ஊரில் பாதி மிஷின் அவன் பூட்டியது.

"அண்ணாச்சி, படம் பெரிசு. மிஷின் தாங்கல. எடுத்துட்டா ஓடும்."

"எதை எடுத்துட்டா?"

"சாமி படத்தை."

தில்லைநாயகம் நாற்காலியில் நிமிர்ந்தார். "சூடம் காட்டியாச்சு. இனி எடுக்குறதாவது?"

"சின்னதா ஒண்ணு பெறகு போட்டுத் தாரேன். தீப்பெட்டி அளவுக்கு. அது ஒண்ணும் செய்யாது."

"நெல்லையப்பரைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்குவியா நீ? உங்க வீட்டுல ஒரு ஆளைச் சுருக்குனது போதாதா?"

மகேஷ் பைய முன்னால் வந்து சிபியு மேல் கை வைத்தான். "விடுங்க மதினி. சாமி குத்தம் வேற எதுக்கு? நம்ம வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு பாத்தாச்சு. ஓடலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டிஸ்க்கை உருவுங்க. அண்ணாச்சிக்கும் நேரமாவுது."

"கையை எடுங்க."

"மதினி…"

"கையை எடுங்கன்னு சொல்லுதேன்லா!"

எடுத்துவிட்டான். இந்தக் குரலை அவன் கேட்டதில்லை.

பிருந்தா மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினாள். மிஷின் வெகுநேரம் யோசித்தது. பிறகு பாதி சாமி மறைந்து கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் வந்தன. ஒவ்வோர் எழுத்தும் அடித்த பிறகு நிதானமாகத்தான் வந்து உட்கார்ந்தது. டெஸ்க்டாப் திறக்கும்போது படத்தை விரிக்கச் சொல்லி மகேஷ் ஒரு வரி சேர்த்திருந்தான். அந்த வரியை எடுத்தாலே போதும். படம் டிஸ்க்கிலேயே ஒரு மூலையில் கிடக்கும், யாருக்கும் மனக்குறை இல்லை. அது அவளுக்குத் தெரியும். அந்த வரியை எடுத்தாள். எடுத்த பிறகு கை நிற்கவில்லை. படத்தின் பெயரை அடித்து, முன்னால் அழிக்கும் கட்டளையைப் போட்டு, தட்டினாள்.

மகேஷ் திரையைப் படித்துவிட்டான். "அண்ணாச்சி! படத்தையே அழிச்சுட்டா!"

"என்னத்த அழிச்சே?" என்றார் தில்லைநாயகம்.

"நெல்லையப்பர் படத்தை" என்றாள் பிருந்தா.

"கை தெரியாமப் பட்டுட்டா?"

"இல்ல அண்ணாச்சி. தெரிஞ்சுதான்."

"நல்லாருக்கே! என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுதியே!"

பிருந்தா டெஸ்க்டாப்பைத் திரும்பத் திறந்தாள். சாம்பல் திரை சடக்கென்று வந்தது. சிவப்பு விளக்கு இரண்டு தடவை மினுக்கி அணைந்தது. மெனு இறங்கியது. பாடம் திறந்தது, மூடியது. அடுத்தது திறந்தது. கடைசியாக மெனுவின் அடியில் ஞானசம்பந்தன் விளையாட்டுக்கு வைத்திருந்த ஒன்றைத் தட்டினாள். நடுத்திரையில் இரண்டு பெரிய கண்கள் முளைத்தன. மவுஸ் போகிற பக்கமெல்லாம் அவை உருண்டு உருண்டு பார்த்தன.

ஜன்னலில் பிள்ளைகள் ஓவென்று கத்தின. "ஏட்டி, அது முழிக்கு பாருட்டீ!"

முப்பிடாதி டீச்சர் முன்னால் வந்து மவுஸைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். இடது பக்கம் இழுத்தாள், கண்கள் மகேஷைப் பார்த்தன. வலது பக்கம் இழுத்தாள், தில்லைநாயகத்தைப் பார்த்தன.

"உங்களைத்தான் பாக்கு அண்ணாச்சி" என்றாள், சிரிக்காமல்.

"இது என்ன கேலிக்கூத்து? சாமி இருந்த எடத்துல திருட்டு முழியா?"

"சாமி அந்தா இருக்காரு." டீச்சர் சுவரைக் காட்டினாள். மிஷினுக்கு நேர் மேலே, போன வருஷத்துக் காலண்டர், அதே ரிஷப வாகனம். "அவரு எங்கயும் போகல. போனது இந்தத் தம்பி எடுத்த போட்டோதான். போட்டோ பெரிசா இருந்தா மிஷின் நிக்கும்னு தம்பிக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் மிஷின் விக்குது. கேளுங்க."

தில்லைநாயகம் மகேஷைப் பார்த்தார். "ஏலே, தெரியுமா?"

"அது… திரை நிறைய வேணும்னு நீங்கதான் அண்ணாச்சி சொன்னீங்க."

"நான் சொன்னது இருக்கட்டும்லே. நிக்கும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

மகேஷ் மானிட்டர் மேலிருந்த பிச்சிப்பூவைச் சரிசெய்தான்.

"சாமி படத்தை வெச்சாடே சதி பண்ணுவான் ஒருத்தன்?" என்றார் தில்லைநாயகம். பிருந்தா பக்கம் திரும்பியபோதும் அவர் முகம் இளகவில்லை. "நீ ஒண்ணும் யோக்கியம்னு நெனச்சுக்காதே. ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சரக்குதான். அவன் சாமியை வெச்சுக் கெடுத்தான், நீ சாமியை எடுத்துக் கெடுத்தே. ஆனா மிஷின் ஓடுது. திங்கக்கிழமை வா. மிஷின் டப்பா மேல நெல்லையப்பர் படம் ஒட்டச் சொல்லுதேன். அதுல மட்டும் கை வெச்சே…"

"ஒட்டுங்க அண்ணாச்சி. பின்பக்கம் காத்துப் போற ஓட்டையில மட்டும் ஒட்டாதீய. சூடாகிரும்."

அவர் கார் கதவைச் சாத்திய சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

முப்பிடாதி டீச்சர் பின்னறைச் சாவியைக் கொண்டுவந்து மேஜையில் போட்டாள். கையில் கொடுக்கவில்லை. "பெருக்கி ரொம்ப நாளாச்சு. தேள் உண்டு. வெள்ளனே எந்திரிச்சு மோட்டார் போடணும், இல்லைன்னா தண்ணி கெடையாது. அதுக்கு என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"நிக்க மாட்டேன்."

வாசலில் மகேஷ் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். அவள் டிஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, நிற்காமல் பின்னறைப் பக்கம் நடந்தாள்.

"அம்மாட்ட நான் என்னத்தச் சொல்ல?" என்றான் முதுகுக்குப் பின்னால்.

"சாமியை அழிச்சுட்டேன்னு சொல்லுங்க. எப்படியும் அதைத்தான் சொல்வீங்க. ஞாயித்துக்கிழமை என் துணிமணியை எடுக்க வாரேன்னும் சொல்லிருங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது துணிமணி அரிசிச் சாக்கில் கட்டி கேட்டுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. கதவு உள்பக்கம் தாழ்போட்டிருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் பார்வதியம்மாளின் வெள்ளைச் சேலை அசைந்தது. இந்தத் தடவை நேராகத்தான் பார்த்தாள், வாய்தான் திறக்கவில்லை. பிருந்தாவும் பார்த்தாள். கூப்பிடவில்லை. சாக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

முக்கூடல் பஸ் கண்டக்டர் சாக்குக்கும் ஒரு டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். அவரோடும் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.